நோய்க்குப் பெயரிடுவது யார்?

திருத்தணி மலையை அடுத்த அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். 1960 ஆம் ஆண்டு வரை திருத்தணி வட்டாரம் ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது. மாநில எல்லையை நகர்த்த முடிந்ததே தவிர, மக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகளை அது நகர்த்தவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரிலுள்ள நெசவாளர் இல்லம் ஒன்றில் நாம் கண்டதை இங்கே எழுதத் துணிகிறோம். அக்குடும்பத்தாரின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம். நம்முடைய தவற்றை மட்டும் மாற்றவில்லை.

அவ்வீட்டின் இளைய மருமகள் எல்லைக்கு அப்பாலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் பிரசவம் முடிந்து எட்டாம் நாளிலிருந்து அவள் உறங்கவில்லை. இல்லாத ஒருவரோடு பேசினாள், காரணமின்றிச் சிரித்தாள், அடுத்த கணமே அழுதாள். குழந்தையை ஒரு நேரம் மார்போடு அணைத்தாள். மறு நேரம் அது தன் குழந்தையே அல்ல என்றாள். கணவனின் பாட்டி, "பேய் பிடிச்சிருக்கு சாமி" என்று நம்மிடம் சொன்னார். பெண்ணின் தாய், "காலி சோகிந்தி" என்று தெலுங்கில் சொல்லி அழுதார். காற்றுப் பட்டுவிட்டது என்று பொருள். மருந்துக் கடைக்காரர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். அண்டை வீட்டார் சிலர், மாமியாரோடு ஒத்துப்போக மனமில்லாதவளின் நடிப்பு என்றனர்.

ஒன்பதாம் நாள் நம்மை அழைத்தார்கள். சென்றோம், தலைமேல் கை வைத்துச் செபித்தோம், புனித நீர் தெளித்தோம், "நம்பிக்கையோடு இருங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லித் திரும்பினோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்ற ஒரு சொல்லை நாம் சொல்லவில்லை. உறவினர் அவளைச் சோளிங்கருக்கு அழைத்துச் சென்று தக்கான் குளத்தில் நீராட்டினர். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை உடைய மலைமேல், பிரசவித்து இரு வாரம் ஆகாத அந்த உடம்போடு ஏற்றினர். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியருகே கிடத்திவிட்டு அவள் நின்றதைப் பாட்டி பார்த்ததால் குழந்தை பிழைத்தது. அப்போதுதான், மருந்தகம் ஒன்றில் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவர் செய்தியறிந்து ஓடிவந்து, "இது பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது" என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு மாதங்களில் அப்பெண் தேறினாள்.

ஐந்து வாய்கள் ஐந்து பெயர்களைச் சொல்லின. நாமோ பெயரே சொல்லாமல், பெயர் தேவையில்லை என்பதுபோல நடந்துகொண்டோம். பத்து நாள்கள் கடந்தன. அந்தப் பத்து நாள்கள்தாம் இக்கட்டுரையை எழுத வைக்கின்றன. மனநோயை இனங்கண்டு வகைப்படுத்துவதில் பண்பாட்டுக்கு உள்ள பங்கு என்ன என்று ஆராயும் நூல்கள் சிலவற்றை அதன்பின் தேடி வாசித்தோம். அவற்றில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பட்டியலும் அதன் பிற்சேர்க்கையும்

உலகெங்கும் மனநல மருத்துவர் கையாளும் வகைப்பாடுகள் இரண்டு. ஒன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப் பட்டியல். அதன் பதினொன்றாம் பதிப்பு 2022 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்னும் கையேடு, 1952 இல் முதன்முதலாக வெளிவந்து, 2013 இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. இந்நூல்களைப் புரட்டும் பொதுநிலையினர் ஒருவர், தாவரவியலார் செடிகளை வகைப்படுத்துவது போலவே இங்கே நோய்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன என்று எண்ணக்கூடும். அது முழு உண்மையன்று. இரத்தப் பரிசோதனையோ ஊடுகதிர்ப் படமோ பெரும்பாலான மனநோய்களை உறுதி செய்வதில்லை. நோயாளி சொல்வதையும் செய்வதையும் மருத்துவர் கண்டு, கேட்டு, பெயரிடுகிறார். கேட்பவரும் ஒரு பண்பாட்டில் வளர்ந்தவரே.

இதற்குச் சான்று மேலை நாட்டிலேயே கிடைத்தது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் மருத்துவமனையில் சேர்ந்தோரை ஒப்பிட்டு ஆராய்ந்து 1972 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே மொழி பேசும் இரு நகரங்கள் அவை. ஆயினும் நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்ட பலரை ஒரே சீரான அளவுகோலால் மீண்டும் சோதித்தபோது, அவர்கள் இலண்டனில் மனவெழுச்சி நோயாளர் எனப்பட்டவர்களைப் போலவே இருந்தனர். வேறுபட்டது நோயைவிட மருத்துவர்களின் பழக்கமே என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே, 1973 இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஓரின நாட்டத்தைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நேற்றுவரை நோயெனப்பட்டது இன்று நோயன்று என ஒரு சங்கம் முடிவெடுக்கக்கூடும் என்றால், பட்டியலில் மனிதக் கைரேகை பதிந்திருக்கிறது என்பதே பொருள்.

1994 இல் வந்த நான்காம் பதிப்பு பண்பாட்டைப் பற்றிப் பேச முன்வந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் எங்கே பேசிற்று? நூலின் கடைசியில், பிற்சேர்க்கையில். 'பண்பாட்டால் கட்டுண்ட நோய்த்தொகுதிகள்' என்ற தலைப்பில் பல நாட்டுப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது. மலாய் நாட்டின் அமோக் அதில் இருந்தது. விந்து கழிவதால் உடலும் உள்ளமும் நலிகின்றன என்று அஞ்சும் நம் நாட்டு இளைஞரின் நிலைக்கு மருத்துவர் என்.என்.விக் 1960 இல் சூட்டிய 'தாத்' என்ற பெயரும் அதில் இருந்தது. இங்குதான் நம் முதல் மறுப்பு எழுகிறது. மலாய்க்காரரும் இந்தியரும் பண்பாட்டால் கட்டுண்டவர்கள். நூலின் முற்பகுதியிலுள்ள நோய்களுக்கு உரியவர்களோ எந்தக் கட்டும் இல்லாத பொது மனிதர்கள் என்பது அந்த அமைப்பிலேயே ஒளிந்திருக்கும் கருத்து. வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் அமர்ந்துகொண்டு விருந்தினரைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்ததற்கு ஒப்பாகும் இது.

ஐந்தாம் பதிப்பு இக்குறையை ஓரளவு உணர்ந்தது. 'கட்டுண்ட' என்ற சொல்லைக் கைவிட்டு, துன்பத்தைப் பற்றிய பண்பாட்டுக் கருத்துகள் என்று பேசியது. எல்லா நோய்களும், மேலை நாட்டவருடையவை உட்பட, ஏதேனும் ஒரு பண்பாட்டின் வழியாகவே வெளிப்படுகின்றன என்று ஒப்புக்கொண்டது. மேலும், மருத்துவர் நோயாளியிடம் கேட்க வேண்டிய பதினாறு கேள்விகளை வகுத்துத் தந்தது. 'உமக்கு நேர்ந்திருப்பதை நீரே எவ்வாறு சொல்வீர்? இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்? உம்முடைய உற்றாரும் ஊராரும் என்ன நினைக்கிறார்கள்?' என்ற போக்கில் அமைந்தவை அவை. அந்தப் பெரிய நூலில் நம்மை மிகவும் தொட்ட பகுதி அதுவே. ஏனெனில் அம்மையார்குப்பத்தில் ஐவர் பெயரிட்டோமே, அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பேறுகாலத்து மனநோய்க்கே இவ்விரு பட்டியல்களும் ஒரே இடம் தரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் பதிப்பு கருவுற்ற காலத்தையும் பேறுகாலத்தையும் சார்ந்த மனநோய்களுக்குத் தனி வகையே ஒதுக்கியுள்ளது. அமெரிக்கக் கையேடோ அதைத் தனி நோயாகக் கொள்ளாமல், வேறு நோய்களின் பெயரோடு 'பேறுகாலத்தை ஒட்டித் தொடங்கியது' என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறது. அதற்கும் பிரசவத்துக்குப் பின் நான்கு வாரம் என்று எல்லை வகுக்கிறது. அறிஞர்க்குள்ளேயே இவ்வளவு வேற்றுமை. எனினும் இருசாராரும் ஒன்றில் மாறுபடுவதில்லை: ஆயிரம் பிரசவங்களில் ஓரிருவருக்கு வரும் இந்நோய் பெரும்பாலும் முதல் இரு வாரங்களில் தொடங்கும், தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து விளைவிக்கும், உடனே மருத்துவம் செய்தால் பெரும்பாலும் குணமாகும்.

பாட்டி அறிந்ததும் அறியாததும்

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் முன்னோர் வகைப்படுத்தத் தெரியாதவர்கள் அல்லர். சரகர் உன்மாதத்தை ஐந்தாகப் பிரித்தார்: வாதம், பித்தம், கபம் ஆகிய ஒவ்வொன்றாலும் வருவன மூன்று, மூன்றும் சேர்ந்து கெடுவதால் வருவது ஒன்று, புறத்தேயிருந்து வந்து பற்றுவது ஒன்று. அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூலில் பதினெட்டு வகைக் கிரிகைகள் பேசப்படுகின்றன. உடலிலிருந்து எழுவது, வெளியிலிருந்து பற்றுவது என்ற பிரிவினை ஊர்ப் பேச்சிலும் உண்டு. கிறுக்கு வேறு, பேய் வேறு, அருள் வந்து ஆடுவது வேறு என்று நம் கிராமத்தார் தெளிவாகப் பிரிப்பர். சாமியாடுபவரை யாரும் மருத்துவமனைக்கு அனுப்புவதில்லை. அது சரியும்கூட, விழா முடிந்ததும் அவர் திருநீறு பூசிக்கொண்டு தறியில் அமர்ந்துவிடுகிறார்.

அப்பாட்டியின் செயல்களைப் பின்னர் எண்ணிப் பார்த்தோம். பிரசவித்தவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்லித் தனியே விடாதிருந்தார். வாசலில் வேப்பிலை செருகினார். தலைமாட்டில் இரும்பு வைத்தார். இரவில் அருகிலேயே படுத்தார். இவற்றுக்கு அவர் சொன்ன காரணம் பேய். காரணத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின்வரும் முதல் வாரங்கள் பெண்ணின் உள்ளத்துக்கு ஆபத்தான காலம், அவளைத் தனியே விடலாகாது என்ற செய்தியை இவ்வழக்கம் பல தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நாள் குழந்தையைக் காப்பாற்றியது அந்தக் காவலே. மருத்துவ நூலும் பாட்டியின் வழக்கமும் ஒரே நாள்களையே சுட்டிக்காட்டின. நாம்தான் இரண்டையும் வாசிக்காமல் போனோம்.

ஆகவே, நாட்டு வழக்கங்களை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் துடைத்தெறியும் விமர்சகரோடு நாம் உடன்படவில்லை. அவர்களுக்கு மறுமொழியாக இரண்டு ஆய்வுகள் உள்ளன.

முதலாவது, டான்யா லூர்மன் என்னும் அமெரிக்க மானிடவியலார் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் பத்மாவதி முதலியோரோடு இணைந்து 2015 இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு இருபது பேராக, காதில் குரல் கேட்கும் அறுபது நோயாளரிடம் பேசினார்கள். சென்னையில் பேசியது மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில். நோய் ஒன்றே, கேட்ட குரல்களோ ஒன்றல்ல. அமெரிக்கர் பலருக்கு அது தம் மூளைமேல் யாரோ நிகழ்த்தும் தாக்குதலாக, வன்முறைக் கட்டளையாக இருந்தது. அக்ராவில் பலர் கடவுளின் குரலைக் கேட்டனர். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உறவினரின் குரலைக் கேட்டனர். அக்குரல்கள் திட்டின, அறிவுரை கூறின, வீட்டு வேலையைச் செய்யச் சொல்லி ஏவின. பித்தின் உள்ளேயும் நம்மவர்க்குக் குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறது. பண்பாடு நோய்க்கு மேலே போர்த்திய ஆடை மட்டுமன்று. நோயின் அனுபவத்துக்குள்ளேயே இறங்கி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

இரண்டாவது, பெங்களூரு மனநல மருத்துவர் ரகுராம் முதலியோர் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் நடத்தி, 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டது. மனநோய் தீர வேண்டி அங்கே வந்து தங்கிய முப்பத்தொரு பேரை ஆராய்ந்தனர். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள், மருந்து கொடுக்கப்படவில்லை, உறவினர் ஒருவர் உடனிருந்தார், கோயிலில் சிறு சிறு பணிகள் செய்தார்கள். நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சங்கிலியில்லை, அடியில்லை, ஏளனமில்லை. ஆதரவும் அமைதியும் மட்டுமே இவ்வளவு செய்யக்கூடும் என்று அவ்வாய்வு காட்டியது.

அழகுபடுத்துவதன் ஆபத்து

இவ்வளவு சொல்லி இங்கேயே நிறுத்திவிட்டால் நாமும் பொய் சொன்னவராவோம். பண்பாட்டைப் போற்றும் ஆய்வாளர் சிலர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நம் இரண்டாம் மறுப்பு அவர்களை நோக்கியது. கோயில் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை; ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததென்றால் மீதி நான்கு பங்கு இருந்ததென்பதும் உண்மை. மேலும், எல்லாத் திருத்தலங்களும் அந்தக் கோயிலைப் போன்றவை அல்ல.

2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலை ஏர்வாடியில் நடந்ததைத் தமிழகம் மறக்கலாகாது. தர்காவை நாடி வந்த மனநோயாளரைக் கட்டணம் வாங்கித் தங்கவைத்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். அவர்களைச் சங்கிலியில் பூட்டியவர்களும் ஒரு பண்பாட்டின் பெயராலேயே பூட்டினார்கள். தெய்வம் குணமாக்கும்வரை பிணித்து வைப்பது வழக்கம் என்றார்கள். வழக்கம் என்பதற்காக மரியாதை செலுத்த வேண்டுமென்றால் இதற்கும் செலுத்த வேண்டிவரும்.

இன்னொரு நூலும் நம்மை எச்சரித்தது. இசபெல் நபோக்கோவ் என்னும் மானிடவியலார் தென்னார்க்காட்டுப் பகுதியில் தங்கி, பேயோட்டும் சடங்குகளைக் கண்டு, 2000 இல் ஒரு நூல் எழுதினார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டோரில் மிகுந்தோர் புதிதாக மணமான இளம்பெண்கள். பிடித்த பேயோ பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞன். உடுக்கடித்து, கேள்வி கேட்டு, முடிவில் பெண்ணின் ஒரு கற்றைக் கூந்தலை அறுத்து மரத்தில் ஆணியடித்துப் பேயை அங்கே நிறுத்துகிறார்கள். சடங்கு அவளுக்கு விடுதலை தருகிறது என்று பலர் எழுதியிருக்க, இந்நூலாசிரியர் மாறாகச் சொல்கிறார்: அவளுடைய சொந்த ஏக்கங்களையே பேயென்று சொல்லவைத்து, அவற்றை அவள் வாயாலேயே துறக்கவைத்து, கணவன் வீட்டுக்கு அனுப்புகிறது இச்சடங்கு. இம்முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்துவது மிகையென்று நமக்குத் தோன்றுகிறது. ஆறுதல் பெற்றுத் திரும்பிய பெண்களையும் நாம் அறிவோம். ஆயினும் அவர் எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஒரு பெண்ணின் துன்பத்துக்கு ஊர் பெயர் சூட்டும்போது, அப்பெயர் யாருக்கு வசதியானது?

பேய் என்ற பெயர் மாமியாரைக் காப்பாற்றிவிடுகிறது. நோய் என்ற பெயரும் சில வேளைகளில் அவ்வாறே செய்யும். உறக்கமில்லாத வேலையையும் வரதட்சிணைச் சொல்லையும் கணவனின் குடியையும் மாத்திரைக்குப் பின்னால் மறைத்துவிடும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. சமூகத்தின் ஒழுக்க மதிப்புகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒருவர் ஒத்துப்போகாததைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. பெயரிடும் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வகுத்த சட்டம் அது.

திருச்சபையின் மொழி

நம் வீட்டையும் நாம் ஆராய வேண்டும். புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலம் முதலிய இடங்களுக்கு மனநோயுற்றோரைச் சாதி, சமய வேறுபாடின்றி அழைத்து வருவதை யாவரும் அறிவர். செவ்வாய்க்கிழமைகளில் தலைவிரித்துச் சுழலும் பெண்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். திருச்சபை இதில் என்ன போதிக்கிறது? பேயோட்டுதலை மறைமாவட்ட ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவன்றி வேறெவரும் செய்யலாகாது என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. உளநோய் என்பது முற்றிலும் வேறு, அது மருத்துவத்துக்கு உரியது என்றும், பேயோட்டுமுன் நோயில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும் என்றும் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது. 1999 இல் வெளிவந்த திருத்திய சடங்குமுறையும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. குருமடத்தில் இவற்றையெல்லாம் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் அந்த வீட்டில், அழும் தாயின் முன், நமக்குள் எழுந்தது குருமடப் பாடம் அன்று. நம் சிறுவயதுத் தெருவின் அச்சமே. பண்பாடு நோயாளியை மட்டுமல்ல, குருவையும் வடிவமைக்கிறது.

திருச்சபையின் சொற்களும் மாறியே வந்துள்ளன. தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை 1917 ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. கடுமையான உளத்துன்பம் மனிதனின் பொறுப்பைக் குறைக்கும் என்பதை நாம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே மகனைப் புதைத்துவிட்டு அழுத தாய்மாரைப் பழைய பங்குகளில் மூத்தோர் இன்னும் நினைவு கூர்வர். ஒரு பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய இரக்கமாக முடியும் என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

பெல்ஜியம் நாட்டின் கீல் நகரம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. புனித டிம்ஃப்னாவின் கல்லறையை நாடி இடைக்காலத்தில் மனநோயாளர் திரளாக வந்தபோது, ஆலய விடுதியில் இடம் போதாமல் ஊர்மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றனர். அவ்வழக்கம் இன்றளவும் அங்கே அற்றுப்போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு குடும்பங்களோடு வாழ்ந்தனர். மருத்துவமனை வந்தது, மருந்து வந்தது, வீடுகளும் திறந்தே இருந்தன. பக்தியில் தொடங்கியதை மருத்துவத்தோடு இணைத்த ஊர் அது. சோளிங்கரிலோ புளியம்பட்டியிலோ நிகழ முடியாதது என்று அதில் ஏதுமில்லை.

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனைப் பற்றி மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் கூறுவதை வாசகர் அறிவர். ஊரார் அவனுக்குச் செய்தது விலங்கும் சங்கிலியும். ஆண்டவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று, உன் பெயர் என்ன என்று கேட்டது. கதையின் முடிவில் அவன் ஆடையணிந்து, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருக்கிறான். ஆண்டவரோடு செல்ல விரும்பியவனை அவர் அவன் வீட்டாரிடமே அனுப்பிவைக்கிறார். குணம் என்பது வீடு திரும்புதலில் நிறைவடைகிறது. இதைப் பேயோட்டும் கதையாக மட்டும் பிரசங்கித்து வந்த நாம், பெயர் கேட்டதையும் வீட்டுக்கு அனுப்பியதையும் போதிய அளவு சொல்லவில்லை.

பெயரும் ஆளும்

முடிவாக நம் மதிப்பீடு இது. வகைப்பாடு வேண்டும். 'எல்லாம் பண்பாடே' என்று சொல்லிப் பெயரிட மறுத்திருந்தால் அக்குழந்தை இன்று இல்லை. அருட்சகோதரி சொன்ன பெயரே வழி திறந்தது. ஏனெனில் அப்பெயருக்கு மருந்து இருந்தது, காலக்கெடு இருந்தது, குணமாகும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அதே வேளையில், பெயர் திருத்தத்துக்கு உரியது. சப்பானியர் 2002 இல், மனம் பிளந்த நோய் என்று பொருள்பட்ட பழைய பெயரை நீக்கி, ஒருங்கிணைவு குலைந்த நிலை என்று பொருள்படும் புதுப்பெயரை ஏற்றனர். நாம் இன்னும் மனச்சிதைவு என்கிறோம். சிதைந்தது மீளாது என்றுதானே கேட்பவருக்குத் தோன்றும்? தமிழறிந்தோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் பொதுநிலையினருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, இல்லாத குரல் கேட்டு, தம்மை மறந்து நடக்கும்போது, குறிப்பாகப் பிரசவித்த பெண்ணாயிருந்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். செபமும் செய்யுங்கள், வழியிலேயே செய்யலாம். குருவை அழைத்தால், மருத்துவரிடம் காட்டினீர்களா என்று முதலில் கேட்காத குருவிடம் நீங்களே அக்கேள்வியைக் கேளுங்கள்; எம்மிடம் அப்படி ஒருவர் கேட்டிருக்க வேண்டும். நோயுற்றவரிடமும், அவர் பேசக்கூடிய நேரத்தில், உனக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள்.

நாம் மிகவும் தாமதித்தே கேட்டோம். குழந்தையின் திருமுழுக்குக்கு வந்தபோது அப்பெண்ணிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். அந்நாள்களில் என்ன நடந்ததென்றும் கேட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இறந்துபோன தன் அம்மம்மாவின் குரல் தெலுங்கில் கேட்டதாம். பாலைக் கொடு, துணியை மாற்று, முகம் கழுவு என்று ஏவிக்கொண்டே இருந்ததாம். இன்னொரு குரலும் இருந்தது, அது யாருடையதென்று தெரியவில்லை, தண்ணீரைக் காட்டிற்று. "அம்மம்மா குரல் இருந்ததாலதான் அத்தனை நாள் தாங்கினேன் ஃபாதர். மாத்திரை சாப்பிட்டதும் ரெண்டும் போயிடுச்சு. அம்மம்மா போனதுக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்" என்றாள்.

எந்தப் பட்டியலிலும் இந்த அழுகைக்கு இடமில்லை. அவள் நலம் பெற்றதை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறினோம்; அந்த அழுகையையும் அவர்முன் வைத்தோம். வாசலில் பாட்டி செருகிய வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே திண்ணையில், மருமகள் வேளை தவறாமல் உண்ண வேண்டிய மாத்திரைகளை அந்தப் பாட்டியே எண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.